கல் சிப்பாய்க்கு அரளி மாலை

பெப்பர்மின்ட் வாசனை வந்தால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருமோ, தெரியாது. எனக்குத் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி நிற்கும் ஒரு கல் சிப்பாய் நினைவுக்கு வருகிறான். பல்லுக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை?

நம் கூட்டாளிகளுக்குத்தான் இது சட்டென்று புரியும். ஊரில் ஏழாம் வகுப்பையோ எட்டாம் வகுப்பையோ பாதியில் விட்டுவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெற்றவர்களின் பெட்டிகளோடு இன்னொரு பெட்டியாக டெக்சாஸில் வந்து இறங்கியவர்கள் நாம். இப்போது தலைக்குச் சாயம் அடிக்கிறோம். சந்தித்தால் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம். நான் வளர்ந்த அதே ஊரின் நகராட்சியில், செயலாளர் அலுவலகத்தில் கால் நூற்றாண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன். எந்தத் தீர்மானத்தை எங்கே ஒட்ட வேண்டும், யார் எழுந்தால் யார் உட்கார வேண்டும், எதை ஒத்திவைத்தால் அது செத்ததற்குச் சமம், எல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் இட்லியா தோசையா என்பதற்கே முன்மொழிதலும் வழிமொழிதலும் உண்டு என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் எனக்கு எந்த விதியும் தெரியாது. ஊர் முழுவதும் நீரில் மூழ்கியது போலத் தெரியும். காலையில் கடல் பக்கமிருந்து பனிமூட்டம் வரும். ஓக் மரங்களில் சாம்பல் நிறப் பாசி கிழவர் தாடி மாதிரி தொங்கும். காகித ஆலையின் புகை, வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றத்தோடு தெருவில் நடந்து போகும். அப்பாவுக்கு அந்த ஆலையில்தான் மின்பொறியாளர் வேலை. அந்த நாற்றத்தை அம்மா "நம்ம சம்பள வாசனை" என்பாள்.

எங்களுக்கு வலது பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பினக் குடும்பம். அந்த வீட்டு அம்மா ஊருக்குள் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அப்பா அவரை "மேடம்" என்பார். எங்கள் பெயர்களோடு சில நாள் மல்லுக்கட்டிவிட்டு, அவர் அப்பாவை "நெய்பர்" என்றே கூப்பிட ஆரம்பித்தார். அவர் மகள் என் வகுப்பு. அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி.

அம்மா அப்போது வண்டி ஓட்டக் கற்றிருக்கவில்லை. ஆகவே இரண்டு வீட்டுக்கும் ஓர் ஒப்பந்தம். காலையில் மேடம் தன் நீளமான ஸ்டேஷன் வேகனில் எங்கள் இருவரையும் பள்ளியில் விடுவார். மாலையில் அப்பா அழைத்து வருவார். காலையில் ஹார்ன் இரண்டு முறை சன்னமாக அடிக்கும். நான் ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறுவேன். சிநேகிதியிடம் ஒரு வாக்மேன் இருந்தது. அதன் ஹெட்ஃபோன் கம்பியை வளைத்து, ஆரஞ்சு நிறப் பஞ்சு ஒன்றை அவள் காதிலும் இன்னொன்றை என் காதிலும் வைப்பாள். தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தால்தான் எட்டும். எனக்குப் பாதி வரி புரியாது. பனிக்குள் வண்டி மிதக்கும். அவள் தலைமுடியின் தேங்காய் எண்ணெய் வாசனையில், நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் மறந்து போகும்.

வழியில் கோர்ட்டுச் சதுக்கம் வரும். அங்கேதான் அவன் நின்றான். ஆள் உயரப் பீடம், அதன் மேல் ஆள் உயரத்துக்குச் சற்றே பெரிய ஒரு கல் சிப்பாய். தொப்பியில் பறவைகளின் கைங்கரியம். அவனைத் தாண்டும்போது மேடம் ரேடியோவைத் திருகுவார், கண்ணாடியைச் சரிசெய்வார், எதையாவது செய்வார். ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

அந்தச் சிலையை அப்பா கவனித்தது ஒரு சனிக்கிழமை. வீட்டுக்கு வரும்போது முகம் சிவந்திருந்தது.

"இந்தா, கேளு. மாநில உரிமைக்காக உயிரக் கொடுத்தவங்களாம். கல்லுல வெட்டி வெச்சிருக்கான். நாங்கள்லாம் மேடை போட்டுப் பேசத்தான் செஞ்சோம். இவனுவ துப்பாக்கியே தூக்கியிருக்கானுவ!"

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "யாரு, என்னன்னு விசாரிச்சீங்களா?"

"கல்லுல எழுதியிருக்குங்கறேன்."

"செல வெக்கிறவன் தன் வீட்டு ஆளுக்குத்தாங்க வெப்பான்."

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. விருதுநகர்ப் பக்கம். கல்லூரியில் படித்தபோது மொழிப் போராட்டத்தில் இறங்கி, போலீஸ் தடியடியில் இடது முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு பிளந்தவர். மாநில உரிமை, மாநில சுயாட்சி என்ற சொற்கள் அவருக்கு அந்த எலும்பில் இருந்தன. குளிர் வந்தால் அந்த இடம் வலிக்கும். அவர் படித்த சரித்திரத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் அரைப் பக்கம். அடிமைகளை விடுவித்தார்கள், ஜனாதிபதியைச் சுட்டார்கள், அவ்வளவுதான். தோற்ற தரப்புக்கு, அதுவும் அடிமை முறையைக் காப்பாற்றத் தனிநாடு கேட்டுப் போரிட்ட தரப்புக்கு, கோர்ட்டு வாசலில் சிலை இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? எங்கள் ஊரில் தோற்றவருக்குச் சிலை வைக்கும் வழக்கம் இல்லை. தேர்தலில் தோற்றவர்கள் வேறு கணக்கு.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சிலையைச் சதுக்கத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்று மேடமும் அவருடைய சர்ச் ஆட்களும் ஒரு வருடமாக நகராட்சிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கூடாது என்று எதிர்த்தரப்பும் நடந்துகொண்டிருந்தது. உள்ளூர்ப் பேப்பரில் தினமும் அதுதான் பேச்சு. நாங்களும் அந்தப் பேப்பர் வாங்கினோம். அம்மா கூப்பன்களைக் கத்தரித்துக்கொள்வாள். மீதி, வடைத் தட்டுக்கு அடியில் எண்ணெய் குடிக்கப் போகும்.

ஊரின் ஸ்தாபக தினம் வந்தது. தமிழ்ச் சங்கத்துக்கும் சதுக்கத்தில் ஒரு கடை கொடுத்திருந்தார்கள். 'காரமான டோனட்' என்று எழுதி வைத்து உளுந்து வடை விற்றோம். அப்பாதான் சங்கத்துக்குச் செயலாளர். சிலைக்கு மாலை போடுவது என்று அவர் முந்தின வாரமே முடிவு செய்திருந்தார். "ஊர் பொறந்த நாளு. ஊருக்கு நடுவுல நிக்கிற மனுசனுக்கு ஒரு மாலை இல்லேன்னா என்ன அர்த்தம்?" நம் பக்கத்தில் அது பக்தி மட்டுமல்ல, பத்திரமும்கூட. புதிதாக ஓர் ஊருக்குப் பிழைக்கப் போனால், அந்த ஊர்ச் சிலைக்கு முதலில் ஒரு மாலை. சிலைக்கு ஒன்று என்றால் பஸ் ஓடாத ஊரிலிருந்து வந்தவர் அவர்.

பூவுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊர் சாலையோரமெல்லாம் அரளி. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக அம்மா ஒரு கூடை பறித்து வந்தாள். நாருக்குத்தான் பஞ்சம். சாதாரண நூலில் காம்பு அறுந்தது. கடைசியில் குளியலறையிலிருந்து பல் இடுக்குச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் டப்பாவை எடுத்து வந்தாள். அது அறாது, வழுக்காது, வேண்டிய நீளம் வரும். அவள் கட்டக் கட்டக் கூடமெல்லாம் மின்ட் மணத்தது. அரளிக்கு வாசனை குறைவு. அன்று அதற்குப் பேஸ்ட் வாசனை.

அப்பாவின் அலுமினிய ஏணி எங்கள் சின்னக் காருக்குள் போகாது என்பதால் சங்கத் தலைவரின் வேனில் ஏற்றினார்கள். தலைவருக்கு முட்டிவலி. அப்பாவே ஏறினார். தொப்பியைத் தாண்டி மாலை இறங்கிக் கல் மார்பில் படிந்தபோது நாங்கள் கை தட்டினோம். பக்கத்தில் தொப்பி போட்ட சில வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் கை தட்டினார்கள், கொஞ்சம் கூடுதலாகவே. யாரோ போட்டோ எடுத்தார்கள். கூட்டத்தின் மறுபுறம் சிலர் கை தட்டாமல் நின்றதையும் பார்த்தேன். அவர்களுக்கு வடை கிடைக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் அப்பா. ஏணி மேல், பல் தெரிய. 'புதிதாக வந்தவர்களும் நம் வீரர்களை மதிக்கிறார்கள்' என்று கீழே.

திங்கட்கிழமை காலை ஹார்ன் அடிக்கவில்லை. மேடம் இறங்கி வந்து கதவைத் தட்டினார். கையில் பேப்பர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் காதில் விழுந்த தமிழில் தருகிறேன்.

"நெய்பர், இது யார்னு தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

அப்பாவுக்குப் பெருமை. "தெரியும் மேடம். மாநில உரிமைக்காகச் செத்தவர். எங்க ஊர்லயும் நாங்க…"

"என்ன உரிமை?"

"மாநிலத்தோட உரிமை."

"என்ன செய்யறதுக்கான உரிமைன்னு கேக்கறேன்."

பீடத்தில் அது வெட்டப்பட்டிருக்கவில்லை.

"எங்க பாட்டனோட அப்பாவ ஒருத்தர் சொத்தா வெச்சிருந்தார், நெய்பர். இதே மாவட்டத்துல. அந்த உரிமை." அவர் குரல் உயரவே இல்லை. "குழந்தைங்களுக்கு நேரமாச்சு."

அன்று வண்டியில் வாக்மேன் சிநேகிதியின் பைக்குள்ளேயே இருந்தது. சதுக்கத்தைத் தாண்டும்போது எல்லோரும் ஒவ்வொரு ஜன்னலைப் பார்த்தோம். மறுவாரம் தன் கடை ஷிஃப்ட் மாறிவிட்டதாக மேடம் சொல்லி அனுப்பினார். நான் மஞ்சள் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். பள்ளியில் சிநேகிதி என்னைப் பார்த்தால் சிரிப்பாள். கடையில் கல்லாப்பெட்டிக்காரர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. சாப்பாட்டு மேசையில் வேறு இடம் பார்த்து உட்காருவாள். நான் யாருக்கும் மாலை போடவில்லை என்று அவளிடம் சொல்ல ஆங்கிலத்தில் சரியான வாக்கியம் தேடிக்கொண்டே இருந்தேன். பஸ்ஸின் பச்சை ரெக்சின் சீட்டுக்குச் சூயிங்கம் வாசனை. அதுவும் மின்ட்தான்.

மாலை சிலையின் கழுத்திலேயே வாடியது. எடுப்பாரில்லை. ஒரு தரப்புக்கு அது வெற்றி. மற்றத் தரப்பு அந்தக் கல்லைத் தொடாது. சதுக்கம் பெருக்குபவர்கூடக் கீழே விழுந்த இதழ்களை மட்டும் கூட்டிவிட்டுப் போனார்.

அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நூலகத்திலிருந்து தடித்தடிப் புத்தகங்கள் கொண்டுவந்து படித்தார். ஒரு நாள் மதியம் அரைநாள் லீவு போட்டு நகராட்சிக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தன் ஆங்கிலம் அந்த அலுவலகத்தில் செல்லுமா என்ற சந்தேகம் அவருக்கு. செயலாளர் அலுவலகத்தில், கண்ணாடியை முத்துச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள். அந்தச் சிலையில் தான் போட்ட மாலையை எடுக்க என்ன நடைமுறை என்று அப்பா கேட்டார்.

அந்த அம்மாள் நீண்ட நேரம் யோசித்தார். "அது சிலை சம்பந்தப்பட்டதாச்சே. கவுன்சில்தான் முடிவு பண்ணணும். பொது விசாரணை வருது, அங்க வந்து கேளுங்க."

நண்பர்களே, பின்னாளில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஊரின் சட்டத் தொகுப்பை அட்டை முதல் அட்டை வரை படித்தவள் நான். அப்படி ஒரு விதி இல்லை. பொது இடத்தில் வாடிய பூ வெறும் குப்பை. யாரும் எடுக்கலாம். அன்றே ஏணியைக் கொண்டுபோய் எடுத்திருந்தால் ஒரு ஈ, காக்கா கேட்டிருக்காது. ஆனால் எந்த அலுவலகத்திலும், தெரியாது என்று சொல்வதைவிட ஒரு விதியைப் புதிதாகப் பெற்றுப் போடுவது சுலபம்.

விசாரணைக்கு முந்தின நாள் தலைவர் அங்கிள் வீட்டுக்கே வந்துவிட்டார். சென்னைக்காரர்.

"செக்ரட்டரி சார், ஸ்டேச்சு மேட்டர் நமக்கு எதுக்கு சார்? அந்த ஸ்கேட்டிங் ஹால நமக்குக் கோயிலா மாத்தறதுக்கு பர்மிட் கேட்டிருக்கோம்ல, அதே மீட்டிங்லதான் வருது. வாய மூடிட்டு ஒக்காந்துட்டு வந்துடுவோம்."

"மாலைய மட்டும்தான் சார் கேக்கப் போறேன்."

"வாடிப்போன மாலைய வெச்சு இன்னா சார் பண்ணப் போறீங்க?"

"வாடுனதத்தான சார் எடுக்கணும். போட்டவன்தான் எடுக்கணும்."

"கோயிலே போயிடும் சார்!"

அவர் போன பிறகு அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். "ஹாலு போனாப் போவுது. சாமி நம்ம கிச்சன் ஷெல்ஃப்லயே இருந்துக்கிடும். அந்த ஹார்ன் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சுங்க. இவ காலைல ஜன்னல்கிட்டயே போயி நிக்கிறா." நான் படிப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

கவுன்சில் கூடத்தில் நிற்க இடமில்லை. கூட்டம் எதற்கு வந்திருக்கிறதோ அதை முதலில் எடுப்பது மேயர்கள் வழக்கம். அப்போதுதான் அவர்கள் சீக்கிரம் வீடு போகலாம். ஆகவே சிலை முதலில், எங்கள் கோயில் பிறகு. ஒருவர் பாட்டனாரின் வாளைப் பற்றிப் பேசி அழுதார். ஒருவர் வரலாற்றை அழிக்கக் கூடாது என்றார். மேடம் பேசினார். தன் முன்னோரின் பெயர், வயது, விலை மூன்றையும் அதே கோர்ட்டின் பழைய பதிவிலிருந்து வாசித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

"மாண்புமிகு மேயர் அவர்களே," என்று நம் ஊர் மேடை போலவே ஆங்கிலத்தில் தொடங்கினார். "அந்தப் போட்டோவில் ஏணி மேல் இருப்பவன் நான்."

சிரிப்பு எழுந்தது. அவர் காத்திருந்தார்.

"கல்லில் மாநில உரிமை என்று இருந்தது. என் ஊரில் அவை நல்ல சொற்கள். அவற்றுக்காக என் காலை உடைத்தார்கள். அதனால் மாலை போட்டேன். என்ன செய்வதற்கான உரிமை என்று என் பக்கத்து வீட்டு மேடம் கேட்டார். அதைக் கல் சொல்லவில்லை. நான் மின்பொறியாளன். பாதி எழுதிய எச்சரிக்கைப் பலகையை நம்பித் தொட்டால் ஆள் செத்துப் போவான். சிலையை என்ன செய்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்கு இங்கே ஓட்டு இல்லை. மாலை என்னுடையது. தெரியாமல் கொடுத்த மரியாதை அது. அதைத் திருப்பிக் கொடுங்கள்."

மேயர் முன்னால் குனிந்தார். "பூவையா கேட்கிறீர்கள்?"

"ஆமாம் ஐயா. பூ மட்டும்."

மேயர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் கூரையைப் பார்த்தார். உடனே ஓர் உறுப்பினர், சிலையையும் அதைச் சார்ந்த அனைத்தையும் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பி ஒத்திவைக்கலாம் என்று முன்மொழிந்தார். நிறைவேறியது. அதாவது, வாடிய ஓர் அரளி மாலை ஆய்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது. குழு அமைந்தது, குழுவுக்குத் துணைக் குழு அமைந்தது. அந்தச் சிப்பாய் கிரேனில் தொங்கிக் கீழே இறங்கியபோது எனக்கு நரை வந்துவிட்டது. அவனை இறக்கத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பில் சான்றொப்பம் இட்டவள் நான்தான். எங்கள் கோயிலுக்கு அன்று அனுமதி கிடைக்கவில்லை. பார்க்கிங் போதாதாம். அடுத்த தேர்தலில் சங்கத்துக்கு வேறு செயலாளர்.

மறுநாள் காலை பனி அவ்வளவு அடர்த்தி. எதிர்வீடு இல்லை, தெருவே இல்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஹார்ன் அடித்தது. இரண்டு முறை, சன்னமாக.

அப்பா டையோடு வாசலுக்குப் போனார். மேடம் வண்டிக் கண்ணாடியை இறக்கினார். "நெய்பர், உங்க ஏணி என் வண்டிக்குள்ள போகும்."

"மேடம், கவுன்சில் ஒத்திவெச்சிருக்கே. மாலையும் அதுல அடக்கம்."

"தெரியும். நானும் அங்கதான இருந்தேன்."

ஆளில்லாத சிக்னலிலும் பச்சைக்குக் காத்து நிற்கிறவர் என் அப்பா. டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சதுக்கத்தில் எங்கள் நாலு பேரைத் தவிர யாருமில்லை. ஓக் மரங்களுக்குள் கரும்பறவைகள் துருப்பிடித்த கீல் போலக் கத்திக்கொண்டிருந்தன. அப்பா ஏற, மேடம் ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணாந்து பார்க்கவில்லை. அப்பாவின் ஷூவையே பார்த்தார். பிறந்து வளர்ந்த ஊரில் அந்தச் சிலைக்கு அவ்வளவு பக்கத்தில் மேடம் நின்றது அதுதான் முதல் முறை என்றும், கோர்ட்டுக்குப் போனால்கூடப் பின்வாசல் வழியாகத்தான் போவார் என்றும் பின்னாளில் சிநேகிதி சொன்னாள்.

மாலை தொப்பி விளிம்பில் மாட்டிக்கொண்டது. "பாப்பா, கத்தி இருக்கா பாரு," என்றார் அப்பா. நான் மொழிபெயர்த்தேன்.

"அறுக்க வேண்டாம்," என்றார் மேடம். "முழுசா எடுங்க."

முழுசாகவே வந்தது. பூக்கள் தேயிலை போலச் சுருங்கியிருந்தன. ஃப்ளாஸ் மட்டும் அப்படியே இருந்தது. மேடம் மூக்கைச் சுளித்தார்.

"இதென்ன, மின்ட் வாசனை?"

நான் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு ஏணியைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஏணியும் ஆடியது. "மேடம், மேடம்!" என்று மேலிருந்து அப்பா.

"இந்தப் பூ விஷம் தெரியுமா, நெய்பர்?"

"தெரியும் மேடம். எங்க ஊர்ல சாமிக்குப் போடுவோம். சாமிக்கு ஒண்ணும் ஆகாது."

"இந்த ஆளுக்கும் ஒண்ணும் ஆகலையே."

"இவருக்கு ஏற்கெனவே ஆயிருச்சே மேடம்."

போட்ட மாலையைக் குப்பையில் போடக் கூடாது, ஓடும் தண்ணீரில்தான் விட வேண்டும் என்றார் அப்பா. ஏன் என்று மேடம் கேட்கவில்லை. பள்ளிக்குப் போகும் வழியை விட்டு ஓடைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். ஏணி வண்டியின் நடுவே நீளமாகப் படுத்திருந்தது. அதன் ஒரு பக்கம் நானும் சிநேகிதியும் ஒடுங்கி உட்கார்ந்தோம். மாலை எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது.

"கால்ல படாம புடிச்சுக்கோ பாப்பா," என்றார் அப்பா முன்சீட்டிலிருந்து.

"என்ன சொல்றார்?" என்றாள் சிநேகிதி. அந்த வாரங்களில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"அது காலில் படக் கூடாதாம்."

அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். பிறகு பையைத் திறந்து, ஹெட்ஃபோன் கம்பியை வளைத்து, ஆரஞ்சுப் பஞ்சு ஒன்றை என் காதில் வைத்தாள்.